கேள்வி மேடை: கடல் கடந்த ஹங்கேரிய இசையும் எழுத்தும்

வெளிநாடுகளில் வாழும் ஹங்கேரியர்களின் ஆட்டம், பாட்டு, எழுத்து பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கூட வேலை பார்க்கும் ஹங்கேரியத் தோழி 'டான்ட்ஸ்ஹாஸ்' என்ற நடன மாலைக்குக் கூப்பிடுகிறாள். எனக்கு மொழியும் தெரியாது, ஆடவும் தெரியாது. போகலாமா?
*வாசகி, டொரான்டோ*

தாராளமாகப் போகலாம். அது மேடைக் கச்சேரி இல்லை, வந்தவர்கள் எல்லோரும் ஆடுவதற்கான இடம். இன்று ருமேனியாவில் இருக்கும் திரான்சில்வேனியாவில் ஸேக் என்றொரு கிராமம். அங்கே வாலிபப் பிள்ளைகள் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, வாத்தியக்காரர்களை அமர்த்தி ஆடுவது வழக்கம். அந்த வீட்டுக்குத்தான் இந்தப் பெயர். 1972 மே 6 அன்று புடாபெஸ்டில் இதே முறையில் ஒரு மாலையை நடத்திப் பார்த்தார்கள். இசைக்கு ஃபெரென்ட்ஸ் ஷெபோவும் பேலா ஹல்மோஷும், ஆட்டத்துக்கு ஷாண்டோர் டீமார். பின்னணியில் கிராமம் கிராமமாக ஆட்டங்களைப் படம் பிடித்து ஆராய்ந்த ஜியோர்ஜ் மார்டின் இருந்தார். அதுவரை நகரத்தில் நாட்டுப்புற ஆட்டம் என்றால் ஒரே மாதிரி உடை உடுத்திய குழு மேடையில் வரிசை பிசகாமல் ஆடுவதுதான். ஜனங்கள் தாங்களே ஆடலாம் என்றதும் இது தீயாகப் பரவி, கடலும் தாண்டியது. இதைக் கற்றுக்கொடுக்கும் முறையை 2011-இல் யுனெஸ்கோ நல்ல பாதுகாப்பு முறைகளின் பட்டியலில் சேர்த்தது.

பெரும்பாலும் முதலில் குழந்தைகளுக்கு ஒரு பகுதி இருக்கும். அடுத்து பெரியவர்களுக்கு ஒரு மணி நேரம்போல அடிப்படைப் பாடம். அதற்குப் பிறகு நள்ளிரவு வரை அவரவர் இஷ்டம். புதிதாகப் போகிறவர்கள் பாட நேரத்தைத் தவறவிடக் கூடாது. பத்து மணிக்குப் போய் நின்றால் சுவரோடு சுவராகத்தான் நிற்க வேண்டும்.

ரப்பர் அடிப்பாகம் உள்ள ஓட்டக் காலணி வேண்டாம். ஜோடியாகச் சுழலும்போது பாதம் தரையில் வழுக்கித் திரும்ப வேண்டும். ரப்பர் பிடித்துக்கொள்ளும், திருகல் முழுவதும் முழங்காலுக்குப் போகும், மறுநாள் படியிறங்கும்போது அது தெரியும். தோல் அடிப்பாகமும் குட்டையான குதிகாலும் உள்ள, காலைக் கவ்விப் பிடிக்கும் காலணி நல்லது.

சுழலும்போது ஆணின் கைகள் பெண்ணின் தோள்பட்டை எலும்பின் மேல், பெண்ணின் கைகள் ஆணின் தோளிலோ மேற்கையிலோ. புதியவர்கள் பயத்தில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துவிடுகிறார்கள், உடனே கால்கள் சிக்கிக்கொள்ளும். இருவரும் முதுகைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, ஒருவர் எடையை மற்றவர் கை தாங்கும்படி நின்றால் சுழற்சி தானாக வரும். வலப்பக்கச் சுழலில் வலது கால் நடுவை ஒட்டியே இருக்கும், முழங்காலை லேசாக மடக்கி அதில் எடையை இறக்கி, இடது காலால் தள்ள வேண்டும். தலை சுற்றினால் தரையைப் பார்க்காதீர்கள். எதிரே இருப்பவர் முகத்தைப் பாருங்கள்.

இன்னொன்று: இங்கே ஒரு பாட்டுக்கு ஒரு ஆட்டம் என்ற கணக்கு இல்லை. மெதுவானது, நடுத்தரம், வேகமானது என்று ஒரு வட்டாரத்தின் ஆட்டங்கள் ஒரே சரமாக இடைவெளியின்றி வரும். கால் மணி நேரம்கூடப் போகும். நடுவில் ஜோடியை விட்டுவிட்டு நகர்வது மரியாதை இல்லை. ஆண்கள் வாத்தியக்காரர்கள் முன்னால் நின்று பூட்ஸைத் தட்டித் தனியாக ஆட ஆரம்பித்தால் இடம் விட்டு ஒதுங்கிப் பாருங்கள். அதைக் கற்க வருஷக்கணக்காகும்.

நான் வயலின் படிக்கிறேன். திரான்சில்வேனிய வாத்தியக் குழுவில் வயோலா மாதிரி ஒன்றைச் செங்குத்தாகப் பிடித்து வாசிக்கிறார்களே, அது என்ன? சாதாரண வயோலாவை அப்படி மாற்றலாமா?
*வாசகர், திருச்சி*

அதன் பெயர் கோன்ட்ரா. மாற்றலாம், ஆனால் நல்ல வயோலாவில் கை வைக்காதீர்கள். மலிவான பழையது ஒன்று போதும்.

கோன்ட்ராவில் மூன்றே தந்திகள். வயோலாவின் தடித்த ஸி தந்தி கிடையாது. குதிரையின், அதாவது தந்திகளைத் தாங்கும் மரத்துண்டின், மேல் விளிம்பு வளைவில்லாமல் கிட்டத்தட்ட நேர்கோடாக இருக்கும். அதனால் வில்லை வைத்தால் மூன்று தந்தியும் ஒன்றாகப் பேசும். ஒரு இழுப்பு, பல சுரம் ஒன்றாக ஒலிக்கும் ஒரு முழுக் கோர்வை (கார்டு). சுருதி ஜி, டி, ஏ. இந்த ஏ, வயோலாவின் வழக்கமான மேல் ஏ இல்லை, அதற்கு ஒரு ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி, கீழே. ஆகவே நடுவில் இருக்கும் டி தான் மூன்றிலும் உயரமான சுரம். மேல் ஏ தந்தியையே தளர்த்தி இறக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அது தொளதொளத்துப்போய், விரல் வைக்கும் கட்டையில் இடித்துக் கரகரக்கும். இன்னொரு ஜி தந்தியை அங்கே பூட்டி ஒரு முழுச் சுரம் ஏற்றினால் இழுவிசை சரியாக நிற்கும்.

குதிரையில்தான் ஆளாளுக்குக் கோட்டை விடுகிறார்கள். இருக்கும் குதிரையின் நடு வளைவைச் சீவித் தள்ளினால் உயரம் குறைந்து நடுத்தந்தி கட்டையில் ஒட்டிவிடும். புதிய, செதுக்காத குதிரை ஒன்றை வாங்கி, ஓரங்களின் உயரத்தைக் குறைக்காமல் விட்டு, நடுவை அந்த மட்டத்துக்கு மட்டும் கொண்டுவர வேண்டும். ஒரு இம்மி வளைவு மிச்சம் இருந்தால் தவறில்லை, வில்லை அழுத்தும்போது மூன்றும் சேர்ந்துகொள்ளும்.

பிடிப்பது மோவாய்க்குக் கீழே அல்ல. வாத்தியத்தைப் பக்கவாட்டில் திருப்பி, தந்திகள் முன்னால் பார்க்க, மார்போடு அணைத்துக்கொள்வார்கள். வில் மேலும் கீழுமாகப் போகும். தாளப் போக்கு முக்கியமாக இரண்டு. வேக ஆட்டங்களில் கீழ்ச்சுரம் போடும் பாஸ் வாத்தியம் தாள அடியில் விழ, கோன்ட்ரா எதிரடியில் விழும். இதை எஸ்டம் என்பார்கள். மெதுவான ஆட்டங்களில் ஒரே வில்லில் இரண்டு அடி போகும். வில்லைத் திருப்பாமல் இரண்டாவது அடிக்கு மட்டும் அழுத்தம் தர வேண்டும். இது டூவோ. கர்நாடக சங்கீதம் படித்த கைக்கு முதல் சங்கடம் இங்கேதான். மணிக்கட்டால் அழகு செய்யத் தோன்றும். வேண்டாம், முழங்கையிலிருந்து எடையை இறக்குங்கள்.

காதுக்கும் ஓர் அதிர்ச்சி உண்டு. ஸேக் போன்ற ஊர்களில் முதல் வயலின் சின்னக் காந்தாரத்தில் பாடிக்கொண்டிருக்கும்போது கீழே கோன்ட்ரா பெரிய காந்தாரம் உள்ள கோர்வையையே போடும். கன்செர்வடோரியத்தில் (இசைக் கல்லூரியில்) படித்த சிலர் இதைத் 'திருத்தி' வாசிக்கிறார்கள். திருத்தினால் அந்த ஊர் ருசி போய்விடும்.

கோடாய் முறையைப் பற்றிக் கேள்விப்படுகிறேன். அமெரிக்கா, ஆஸ்திரேலியாவில் எல்லாம் பள்ளிக்கூடங்களில் நடத்துகிறார்களாம். நம் குழந்தைகளுக்குச் சொல்லித்தர எப்படி ஆரம்பிப்பது?
*இசை ஆசிரியை, தஞ்சாவூர்*

ஹங்கேரிய இசையமைப்பாளர் ஸோல்டான் கோடாய் எழுதி வைத்த ஒற்றைப் பாடத்திட்டம் என்று எதுவும் கிடையாது. அவர் கொள்கையைச் சொன்னார், மாணவர்கள் முறையாக்கினார்கள். சுரத்துக்கு ஒன்றாகக் காட்டும் கைச்சைகைகள் இங்கிலாந்தின் ஜான் கர்வெனிடமிருந்து வந்தவை. கெச்கெமேட் நகரில் 1975-இல் தொடங்கிய கோடாய் நிறுவனத்தில் பல நாட்டு ஆசிரியர்கள் வந்து படித்துப் போகிறார்கள்.

உங்களுக்கு ஒரு வசதி. அவர்களுடைய 'டோ' இடம் மாறும், எந்தச் சுருதியிலும் வைத்துக்கொள்ளலாம். நம் சட்ஜமும் அப்படித்தான். மேற்கத்திய ஆசிரியர்கள் மாதக்கணக்கில் போராடும் இந்த விஷயம் உங்கள் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும்.

முதலில் 'ஸோ, மி' என்ற இரண்டே சுரம். நம் கணக்கில் பஞ்சமம், அந்தர காந்தாரம். தெருவில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கூப்பிடும் இழுப்பிலேயே இது இருக்கிறது. அது கையில் நின்ற பிறகு 'லா', பிறகு 'டோ', 'ரே'. ஐந்தும் சேர்ந்தால் மோகனம். 'ஃபா'வும் 'டி'யும் கடைசியில்தான், ஏனென்றால் அரைச்சுர இடைவெளியைச் சின்னக் குழந்தைகள் சரியாகப் பிடிப்பதில்லை. நாமோ மாயாமாளவகௌளையில், அரைச்சுரத்திலேயே ஆரம்பிக்கிறோம். இதில் யார் சரி என்று மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. நம் பிள்ளைக்குச் சாய்ந்துகொள்ளத் தம்பூரா இருக்கிறது, கோடாய் வகுப்பில் துணைச் சுருதியே கிடையாது.

பிசகுவது எங்கே? பியானோவையோ கீபோர்டையோ திறந்து வைத்துக்கொண்டு பாடச் சொல்வது முதல் தவறு. குழந்தை தன் குரலைக் கேட்காமல் கருவியைத் தொத்திக்கொள்ளும். அடுத்தது, பாடிப் பழகாத ஒன்றைப் பலகையில் எழுதிக்காட்டுவது. பாட்டு முதலில், பெயர் பிறகு, குறியீடு கடைசியில் என்பதுதான் வரிசை. மூன்றாவது, ஹங்கேரியப் பாட்டையே இறக்குமதி செய்வது. தாய்மொழிப் பாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று கோடாய் வற்புறுத்தினார். உங்கள் வகுப்பில் நம் விளையாட்டுப் பாட்டுகள்தான் பாடநூல்.

சிம்மேந்திரமத்யமம்தான் ஹங்கேரிய ராகம் என்று ஒரு கச்சேரியில் சொன்னார்கள். உண்மையா?
*வாசகர், மதுரை*

பாதி உண்மை. மேற்கில் 'ஹங்கேரிய மைனர்' அல்லது 'ஜிப்ஸி ஸ்கேல்' என்று அழைக்கப்படுவது சுரத்துக்குச் சுரம் நம் 57-ஆவது மேளமான சிம்மேந்திரமத்யமமேதான். ஆனால் அது 19-ஆம் நூற்றாண்டில் நகரத்து ரோமா (ஜிப்ஸி) வாத்தியக் குழுக்கள் வாசித்த பாணி. இசையமைப்பாளர் ஃபிரான்ட்ஸ் லிஸ்ட் 1859-இல் எழுதிய புத்தகத்தில் ஹங்கேரிய இசையையே ரோமா மக்களின் படைப்பு என்று சொல்லிவிட்டார், பெரிய சண்டை வந்தது.

1905, 1906 வாக்கில் இசையமைப்பாளர்கள் பேலா பார்டோக்கும் கோடாயும் மெழுகு உருளை ஃபோனோகிராஃபைத் தூக்கிக்கொண்டு கிராமங்களுக்குப் போனார்கள். அங்கே கிழவர்களும் கிழவிகளும் பாடிய பழைய பாட்டுகள் ஐந்து சுரத்தில் இருந்தன. லா, டோ, ரே, மி, ஸோ. லா-வைச் சட்ஜமாக வைத்தால் நம் சுத்த தன்யாசி. இதிலும் ஒரு விசேஷம்: நான்கு அடியில் முதல் இரண்டு மேலே பாடப்படும், பின் இரண்டில் அதே மெட்டு ஐந்து சுரம் கீழே இறங்கி வரும். மயிலைப் பற்றிய பழைய பாட்டு ஒன்றை எடுத்துக் கோடாய் எழுதிய வேறுபாடுகளை (வேரியேஷன்ஸ்) 1939-இல் ஆம்ஸ்டர்டாமில் முதன்முதலாக வாசித்தார்கள். கேட்டுப் பாருங்கள், சுத்த தன்யாசி காதில் விழும்.

வெளிநாட்டு ஹங்கேரியர் கழகங்களில் இந்தப் பிளவு இன்றும் தெரிகிறது. பழைய தலைமுறையின் விருந்துகளில் சாப்பாட்டு மேசையோரம் வயலின்காரர் வந்து உருக்கும் நகரத்துப் பாட்டு. 1970-களுக்குப் பிறகு வந்த பிள்ளைகளுக்கு டான்ட்ஸ்ஹாஸ். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே கூடத்தை வாடகைக்கு விடும் நிர்வாகி பாவம்.

பார்டோக் நியூயார்க்கில் பட்டினியில் செத்தார் என்பது சரிதானா?
*வாசகர், கோவை*

இல்லை. ரத்தப் புற்றுநோயில் இறந்தார், 1945 செப்டம்பர் 26 அன்று. பணத்துக்குச் சிரமப்பட்டது நிஜம். 1940 அக்டோபரில் அமெரிக்கா வந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செர்பிய, குரோவாசியப் பாட்டுப் பதிவுகளைக் குறியீட்டில் எழுதும் வேலை கிடைத்தது, அதுவும் நிரந்தரமில்லை. கச்சேரி வாய்ப்பு குறைந்தது, உடம்பு படுத்தது. ஆனால் தர்மம் என்று யாராவது நீட்டினால் வாங்க மாட்டார். அதனால் வயலின் மேதை ஸிகெட்டியும் நடத்துநர் ஃப்ரிட்ஸ் ரைனரும் மறைமுகமாக ஏற்பாடு செய்து, பாஸ்டன் இசைக்குழுவின் நடத்துநர் குஸெவிட்ஸ்கி வழியாக 1,000 டாலருக்கு ஒரு படைப்புக்கான வேலையை வாங்கித் தந்தார்கள். அதுதான் 1944 டிசம்பர் 1-இல் அரங்கேறிய 'இசைக்குழுவுக்கான கான்செர்டோ'. மருத்துவச் செலவை அமெரிக்க இசையமைப்பாளர் சங்கம் ஏற்றது, அவர் அதில் உறுப்பினர்கூட இல்லை.

புடாபெஸ்டில் ஹிட்லர், முசோலினி பெயரில் இடங்கள் இருக்கும்வரை தன் பெயரை எந்தத் தெருவுக்கும் வைக்கக் கூடாது என்று 1940 உயிலிலேயே எழுதியிருந்தார். உடல் 1988-இல்தான் ஊர் திரும்பியது.

ஹங்கேரிய இசைக்காரர்களை உலகமே அறியும். நாடு விட்டுப் போன எழுத்தாளர்கள் மட்டும் ஏன் வெளியே தெரியவில்லை?
*வாசகி, சென்னை*

ஸெல், ஓர்மண்டி, ஷோல்டி, டோராட்டி என்று அமெரிக்க இசைக்குழுக்களை ஆண்ட ஹங்கேரிய நடத்துநர்களின் பட்டியல் நீளம். சோவியத் ஆதிக்கத்தை எதிர்த்த 1956 எழுச்சிக்குப் பின் சுமார் 2 லட்சம் பேர் வெளியேறினார்கள். அவர்களில் இருந்த வாத்தியக்காரர்கள் மறு வருஷமே வியன்னா அருகே பில்ஹார்மோனியா ஹங்காரிகா என்ற குழுவை அமைத்து, பிறகு ஜெர்மனியின் மார்ல் நகரில் தங்கி, டோராட்டி தலைமையில் ஹைடனின் எல்லா சிம்பொனிகளையும் பதிவு செய்தார்கள். வயலினுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. ஹங்கேரிய மொழிக்கோ பக்கத்து வீட்டு மொழிகளோடுகூட உறவு கிடையாது.

ஆகவே எழுத்தாளன் முன்னால் இரண்டு வழி. மொழியை மாற்றுவது ஒன்று. 1956-இல் நான்கு மாதக் கைக்குழந்தையோடு எல்லை கடந்த அகோதா கிறிஸ்டோஃப், சுவிட்சர்லாந்தின் நியூஷாடெலில் கடிகாரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அங்கே பிரெஞ்சைக் கற்று, பிற்பாடு அதிலேயே நாவல் எழுதினார். அந்த வறண்ட குட்டை வாக்கியங்கள், பிறகு கற்ற மொழியை ஆயுதமாக்கியவரின் வாக்கியங்கள். மற்றது, மொழியை மாற்றாமல் காத்திருப்பது. ஷாண்டோர் மாராய் 1948-இல் வெளியேறினார். ரஷ்யப் படை போய், நேர்மையான தேர்தல் நடக்கும்வரை தன் புத்தகம் ஹங்கேரியில் அச்சாகக் கூடாது என்றார். இத்தாலி, நியூயார்க், கடைசியில் சான் டியேகோ. டொரான்டோவில் வொரொஷ்வாரி என்ற சிறு பதிப்பகம் ஹங்கேரிய மொழியிலேயே அவர் நூல்களை வெளியிட்டு வந்தது. 1989 பிப்ரவரியில் இறந்தார், அந்த ஆண்டே ஹங்கேரியில் கம்யூனிஸ்ட் ஆட்சி சரிந்தது. 1998-இல் இத்தாலிய மொழிபெயர்ப்பு ஒன்று வந்த பிறகுதான் உலகம் அவரைக் கண்டுகொண்டது.

மூன்றாமவர் கவிஞர் ஜார்ஜ் ஃபலுடி. ஹங்கேரியின் ரெச்க் கட்டாய உழைப்பு முகாமில் காகிதம் இல்லாமல் மனதிலேயே கவிதை கட்ட, சக கைதிகள் மனப்பாடம் செய்து வெளியே கொண்டுவந்தார்கள். பின்னாளில் டொரான்டோவில் சுமார் 20 ஆண்டு வாழ்ந்தார், அங்கே அவர் பெயரில் ஒரு சிறு பூங்காவே இருக்கிறது. முதல் கேள்வி கேட்ட வாசகி நடந்தே போய்ப் பார்க்கலாம்.

இவர்களைத் தாங்கியவை பத்திரிகைகள். லண்டனில் தொடங்கிப் பாரிஸுக்குப் போன 'இரோடால்மி உய்ஷாக்', மியூனிக்கின் 'உய் லாடோஹடார்', பாரிஸில் 1962-இல் இளைஞர்கள் ஆரம்பித்த 'மாக்யார் முஹேய்'. நியூயார்க்கில் புஷ்கி ஷாண்டோர் புத்தகக் கடை வைத்து, ஹங்கேரியிலிருந்தே எழுத்தாளர்களை வரவழைத்து ஊர் ஊராகப் பேச வைத்தார். முதல் இரண்டு பத்திரிகைகளும் 1989-இல் நின்றன. உள்ளே தணிக்கை போனதும் வெளியே அச்சடிக்கும் அவசியம் போயிற்று. சந்தாதாரர்களுக்கும் வயதாகிவிட்டது, பேரப்பிள்ளைகளுக்கு நாவல் படிக்கும் அளவு மொழி இல்லை. ஆட்டத்துக்கு மட்டும் கூட்டம் குறையவில்லை.

மூன்றாம் தலைமுறைக்கு மொழியை எப்படித்தான் கற்றுக்கொடுக்கிறார்கள்? எங்கள் புலம்பெயர் பிள்ளைகளுக்கும் இதே தலைவலி.
*வாசகர், யாழ்ப்பாணம்*

வார இறுதிப் பள்ளிகள் உண்டு. ஆனால் அதிகம் சாதித்தது சாரணர் இயக்கம். உலகப் போருக்குப் பின் ஜெர்மனி, ஆஸ்திரியா அகதி முகாம்களில் துளிர்த்து, இன்று நியூஜெர்ஸியின் கார்ஃபீல்டைத் தலைமையிடமாகக் கொண்டு பல கண்டங்களில் இயங்குகிறது. நியூயார்க் மாநிலத்தின் ஃபில்மோரில் சொந்த முகாம் நிலம் இருக்கிறது. அணித் தலைவராக வேண்டுமானால் முடிச்சுப் போடத் தெரிந்தால் போதாது. ஹங்கேரிய வரலாறு, இலக்கியம், புவியியலில் தேற வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அப்பா அம்மாவைவிட இந்தப் பதவி ஆசை பெரிய தூண்டுகோல்.

பள்ளிகளில் தவறிப்போவது பாடப்புத்தகத்தில். தாய்நாட்டுப் புத்தகம், வீட்டில் அந்த மொழியையே பேசும் குழந்தைக்காக எழுதப்பட்டது. வாரத்துக்கு ஒரு காலை மட்டும் கேட்கும் பிள்ளைக்கு அது சுமை. வயதை விட்டுவிட்டு மொழித் திறனைப் பார்த்து வகுப்புப் பிரிக்கும் பள்ளிகள்தான் தாக்குப்பிடிக்கின்றன. 2013 முதல் ஹங்கேரிய அரசு கொரொஷி சோமா ஷாண்டோர் பெயரிலான உதவித்தொகையில் இளைஞர்களை இந்தச் சமூகங்களுக்கு அனுப்பி, ஆட்டமும் மொழியும் கற்றுத்தரச் செய்கிறது.

திரான்சில்வேனியா, ஸ்லோவாகியா ஹங்கேரியர்களை இதோடு சேர்க்காதீர்கள். அவர்கள் எங்கும் குடிபெயரவில்லை. 1920 திரியனோன் ஒப்பந்தத்தில் எல்லைதான் மாறியது. அவர்களுக்குச் சொந்தப் பள்ளிகள் உண்டு, திரான்சில்வேனியாவின் கொலோஷ்வார் நகரில் ஹங்கேரிய நாடக அரங்கும் ஓபராவும்கூட உண்டு.

அந்தச் சோமா யார்?
*வாசகி, நாகர்கோவில்*

ஹங்கேரியர்களின் பூர்வீகத்தைத் தேடி ஆசியாவுக்குப் புறப்பட்டவர். தேடியது கிடைக்கவில்லை. லடாக், ஸன்ஸ்கார் மடங்களில் குளிரில் உட்கார்ந்து திபெத்திய மொழி கற்றார். 1834-இல் கல்கத்தாவில் அவருடைய திபெத்திய-ஆங்கில அகராதியும் இலக்கணமும் அச்சாயின. லாசாவுக்குப் போகும் வழியில் 1842-இல் டார்ஜிலிங்கில் காய்ச்சலில் இறந்தார். கல்லறை அங்கேதான் இருக்கிறது.

ஹங்கேரியப் புத்தகங்களை இணையத்தில் இலவசமாகப் படிக்க முடியுமா? தேடினால் பல பெயர்கள் அகப்படவே இல்லை.
*நூலக மாணவர், சேலம்*

புடாபெஸ்டின் செய்சேனி தேசிய நூலகம் நடத்தும் மின்நூலகத்தில் பதிப்புரிமை தீர்ந்த நூல்கள் ஏராளம். பத்திரிகைகளுக்குத் தனிக் களஞ்சியமும் உண்டு, மேலே சொன்ன புலம்பெயர் இதழ்கள் சிலவற்றை அங்கே பக்கம் பக்கமாகப் புரட்டலாம்.

பெயர் அகப்படாததற்கு இரண்டு காரணம். ஹங்கேரியில் குடும்பப் பெயர்தான் முதலில், பார்டோக் பேலா, மாராய் ஷாண்டோர் என்றுதான் அட்டையில் இருக்கும். ஆங்கிலப் பட்டியலில் அது புரண்டிருக்கும், இரண்டு விதமாகவும் தேடுங்கள். அடுத்தது, உயிரெழுத்துகளின் மேலுள்ள கோடுகளும் புள்ளிகளும். சில பழைய பட்டியல்களில் நெட்டைக் கோட்டுக்குப் பதில் புள்ளி வைத்து ஏற்றியிருப்பார்கள். முழுப் பெயரும் தோற்றால் குடும்பப் பெயரின் முதல் மூன்று எழுத்தையும் வெளியான ஆண்டையும் மட்டும் கொடுத்துப் பாருங்கள். வெளிநாட்டில் அச்சானவற்றுக்கு மியூனிக், பாரிஸ், டொரான்டோ என்று பதிப்பூரையும் சேர்த்தால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும்.